எழுபதில் ஒருவர்

“தே தாரேக்கில் முதலில் ஊற்றியது பாலா, தேநீரா என்று ஒரு மிடறு குடித்தே சொல்லிவிடுவேன்!”

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் உங்கள் நண்பர் ஒருவர் இப்படிச் சவால் விட்டால் என்ன செய்வீர்கள்? மூவார்க்காரர்களுக்குத் தங்கள் நாக்கைப் பற்றிப் பெருமை உண்டு. மீ பண்டோங் எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று மணிக்கணக்கில் வாதாடுகிற ஊர் இது. அதனால் அந்தச் சவாலைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதே சவால் எழுந்தது. 1920களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மியூரியல் பிரிஸ்டல் என்ற அம்மையார் பாசிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அங்கே வேலை பார்த்த ரொனால்ட் ஃபிஷர் ஒரு நாள் அவருக்கு ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்தார். அம்மையார் வேண்டாம் என்றார். பாலை முதலில் ஊற்றி, அதன்மேல் தேநீரை ஊற்றினால்தான் தமக்குப் பிடிக்கும் என்றார். எதை முதலில் ஊற்றினால் என்ன, குடிக்கும்போது ஒன்றுதானே என்று ஃபிஷருக்குத் தோன்றியது. பக்கத்தில் இருந்த வில்லியம் ரோச், சோதித்தே பார்த்துவிடலாமே என்றார். (பின்னாளில் அந்த அம்மையாரை மணந்தவர் இந்த ரோச்தான்.)

ஃபிஷர் 1935இல் எழுதிய புத்தகத்தில் அந்தச் சோதனையை விளக்குகிறார். அம்மையாரின் பெயரை அவர் சொல்லவில்லை. எட்டுக் கோப்பைகள். நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். வரிசையைக் கலைத்துக் கொடுக்க வேண்டும். குடிப்பவர், பால் முதலில் ஊற்றிய நான்கையும் பொறுக்கி எடுக்க வேண்டும்.

எட்டிலிருந்து நான்கை எத்தனை விதமாகப் பொறுக்கலாம்? காகிதம் எடுத்துப் போட்டுப் பாருங்கள். 8 × 7 × 6 × 5 என்று பெருக்கினால் 1680. அதை 4 × 3 × 2 × 1, அதாவது 24ஆல் வகுத்தால் 70. எழுபது விதங்களில் ஒன்றே ஒன்றுதான் முழுக்கச் சரி. ஆக, சுவையில் எந்த வேறுபாடும் தெரியாத ஒருவர் குருட்டாம்போக்கில் சொன்னாலும் எல்லாம் சரியாக அமைய எழுபதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது.

அறிவியல் பாடத்தில் கருதுகோள் எழுதியிருப்பீர்கள். இங்கே கருதுகோள், ‘இவருக்கு வேறுபாடு தெரியாது’ என்பது. அது உண்மையாக இருந்தால் இப்படி ஒரு முடிவு வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் பார்க்கிறோம். வாய்ப்பு மிகச் சிறியதாக இருந்தால் அந்தக் கருதுகோளைக் கைவிடுகிறோம். எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும்? இருபதில் ஒன்று, அதாவது நூற்றுக்கு ஐந்து என்பது ஃபிஷர் காலத்திலிருந்து வழக்கமாகிவிட்ட கோடு. எழுபதில் ஒன்று அதைவிடச் சிறியது. எனவே எட்டுக் கோப்பையையும் சரியாகச் சொன்னவரின் நாக்கை நம்பலாம்.

இதுவரை எல்லாம் சரி. ஆனால் சோதிக்கப்பட்டவர் ஒருவர் மட்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இப்போது உங்கள் பள்ளியில் 70 மாணவர்களுக்கு இதே சோதனையை வைப்போம். ஒருவருக்கும் வேறுபாடு தெரியாது, எல்லாரும் குத்துமதிப்பாகவே சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபது பேரில் குறைந்தது ஒருவராவது எட்டையும் சரியாகச் சொல்லிவிடுவதற்கு வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? நூற்றுக்கு 63! 700 மாணவர்கள் உள்ள பள்ளி என்றால் ஏறத்தாழப் பத்துப் பேர் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள்.

அந்த ஒருவரை மேடையேற்றிக் கைதட்டுகிறோம். “பாருங்கள், எழுபதில் ஒரு வாய்ப்புள்ள செயலைச் செய்துகாட்டிவிட்டார்!” மீதி 69 பேர் தவறாகச் சொன்னதை மேடையில் யாரும் சொல்வதில்லை. இதில் பொய் சொன்னவர் எவரும் இல்லை. அந்த மாணவர் நேர்மையாகத்தான் குடித்தார், நேர்மையாகத்தான் சொன்னார். சோதனை வைத்த நாம்தான் பலரைச் சோதித்துவிட்டு, ஒருவரை மட்டும் சோதித்ததுபோலக் கணக்குச் சொல்கிறோம்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை உங்களுக்குத் தெரியும். காக்கை உட்கார்ந்ததற்கும் பழம் விழுந்ததற்கும் தொடர்பில்லை, தற்செயல் என்று சொல்லத்தான் அந்தப் பழமொழி. ஆயிரம் பனைமரங்களில் ஆயிரம் காக்கைகள் நாள் முழுதும் உட்கார்ந்து எழுந்தால்? எங்கோ ஒரு மரத்தில் காக்கை உட்கார்ந்த அதே நொடியில் பழம் விழத்தான் செய்யும். விழாமல் இருந்தால்தான் வியப்பு. அந்த ஒரு மரத்தை மட்டும் படம் பிடித்துக் காட்டுகிறவர், மற்ற மரங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

இருபதில் ஒன்று என்ற கோட்டுக்கும் இதே கதிதான். உண்மையில் எதுவுமே இல்லாத இருபது விஷயங்களைத் தனித்தனியாகச் சோதித்தால், ஏதாவது ஒன்றிலாவது ‘இருக்கிறது!’ என்று பொய்யாக மணி அடிக்க நூற்றுக்கு 64 வாய்ப்பு. ஒரு கேள்விக்கு ஐந்து, இருபது கேள்விக்கு 64.

இது விளையாட்டு விஷயம் இல்லை. உயிர் காக்கும் மருந்திலும் இதே தொல்லை வந்திருக்கிறது.

1988இல் ஒரு பெரிய மருத்துவ ஆய்வின் முடிவு வெளியானது. மாரடைப்பு வந்தவர்கள் என்று கருதப்பட்ட 17,187 நோயாளிகள், 417 மருத்துவமனைகளில் அதில் பங்கேற்றார்கள். மாரடைப்பு வந்ததும் ஆஸ்பிரின் கொடுத்தால் பிழைக்கிறார்களா என்பது அந்த ஆய்வின் முக்கியமான கேள்விகளில் ஒன்று. பதில் தெளிவாக வந்தது. ஆஸ்பிரின் வாங்கியவர்களிடம் இதய, இரத்தக்குழாய் நோய்களால் நேர்ந்த மரணம் 23 விழுக்காடு குறைந்திருந்தது.

கட்டுரையை வெளியிட்ட மருத்துவ இதழோ, இன்னும் பிரித்துச் சொல்லுங்கள் என்றது. வயதுவாரியாக எப்படி, ஆண்களுக்கு எப்படி, பெண்களுக்கு எப்படி, மற்ற நோய் உள்ளவர்களுக்கு எப்படி? ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆய்வாளர்களுக்கு இதில் கவலை. இப்படித் துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டே போனால், ஏதோ ஒரு துண்டில் ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று தற்செயலாக வந்துவிடும். அதை நம்பி ஒரு மருத்துவர் யாருக்காவது மருந்து தராமல் விட்டால்? எனவே அவர்களே இன்னொரு பிரிவையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதுதான் ராசி!

நோயாளிகளைப் பன்னிரண்டு ராசிகளாகப் பிரித்தார்கள். மிதுனம், துலாம் ஆகிய இரண்டு ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் பலன் தரவில்லை, சற்றுக் கெடுதல் செய்வதுபோலவே எண்கள் காட்டின. மற்ற பத்து ராசிக்காரர்களுக்கு மிக நன்றாக வேலை செய்ததாகக் காட்டின. மிதுனத்துக்கும் மருந்துக்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை. கூட்டத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பிரிவிலும் ஆள் குறையும். ஆள் குறைந்தால் எண்கள் மேலும் கீழும் தாவும். பன்னிரண்டில் ஒன்றிரண்டு, தவறான பக்கம் தாவி நிற்கும். அவ்வளவுதான். (நம் வீடுகளில் பிறந்த நேரத்தில் சந்திரன் நின்ற இடத்தைப் பார்த்து ராசி சொல்வார்கள். அந்த ஆய்வில் பார்த்தது மேற்கத்திய வழக்கப்படி பிறந்த தேதியின் ராசி. வீட்டில் யாராவது துலாம் ராசி என்றால் பயப்பட வேண்டாம், இரண்டு முறையிலும் ஆஸ்பிரினுக்கு ராசி தெரியாது.)

அந்த ஆய்வாளர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். எண்கள் எப்படி ஏமாற்றும் என்று நீளமாக விளக்கம் எழுதாமல், எண்களையே ஏமாற்ற வைத்துக் காட்டினார்கள்.

2006இல் கனடாவில் பீட்டர் ஆஸ்டினும் அவருடைய குழுவினரும் இதையே பெரிய அளவில் செய்தார்கள். ஒன்டாரியோ மாநிலத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்களின் மருத்துவமனைப் பதிவுகளை எடுத்து, அவற்றை இரண்டு பாதியாகப் பிரித்தார்கள். முதல் பாதியில் தேடினால் ஒவ்வொரு ராசிக்கும் குறைந்தது இரண்டு நோய்கள் ‘அதிகமாக வருவதாக’ மாட்டின! ராசிக்கு இரண்டாக 24 தொடர்புகளைக் குறித்துக்கொண்டு, தொடாமல் வைத்திருந்த இரண்டாம் பாதியில் அவற்றைச் சோதித்தார்கள். 22 தொடர்புகள் காணாமல் போயின. எஞ்சியவை இரண்டே. சிம்ம ராசிக்காரர்களுக்கு இரைப்பை, குடல் இரத்தக்கசிவு. தனுசு ராசிக்காரர்களுக்கு மேற்கை எலும்பு முறிவு. 24 கேள்வி கேட்டால், தற்செயலாகவே ஒன்றுக்குச் சற்று மேல் மாட்டும் என்பதை நீங்களே கணக்குப் போடலாம். கேள்விகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கோட்டை இறக்கியதும் அந்த இரண்டும் மறைந்துவிட்டன.

கோட்டை இறக்குவது என்றால் என்ன?

இத்தாலியக் கணித அறிஞர் கார்லோ எமிலியோ போன்ஃபெரோனி 1936இல் எழுதிய ஒரு விதி இதற்கு உதவுகிறது. பல தவறுகளில் ஒன்றாவது நேர்வதற்கான வாய்ப்பு, அந்தத் தவறுகளின் தனித்தனி வாய்ப்புகளைக் கூட்டினால் வரும் தொகையைத் தாண்டாது. இவ்வளவுதான் விதி. இருபது கேள்வி கேட்கப் போகிறீர்களா? இருபதில் ஒன்று என்ற கோட்டை இருபதால் வகுத்துவிடுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் நானூற்றில் ஒன்று என்று கோடு போடுங்கள். இருபதையும் கூட்டினால் மீண்டும் இருபதில் ஒன்றுதான் வரும். எல்லாக் கேள்விகளையும் சேர்த்து, ஒரு பொய் மணிகூட அடிக்காமல் இருக்க நூற்றுக்கு 95 உறுதி கிடைத்துவிட்டது. கேள்விகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவையாக இருந்தாலும் விதி பொய்க்காது என்பது இதன் சிறப்பு. விதி போன்ஃபெரோனியுடையது என்றாலும், அதைப் பல ஒப்பீடுகள் செய்கிற ஆய்வாளர்களின் கைக்கருவியாக ஆக்கியவர் அமெரிக்காவில் ஆலிவ் ஜீன் டன் என்ற பெண் புள்ளியியலாளர். அவருடைய கட்டுரை 1961இல் வந்தது. அவர் பெயர் இந்த முறையோடு அதிகம் சொல்லப்படாமல் போனது எனக்கு வருத்தமே.

நம் தே தாரேக் சோதனைக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். எழுபது மாணவர்கள் என்றால் கோடு, 20 × 70, ஆயிரத்து நானூற்றில் ஒன்று. எட்டுக் கோப்பையால் இந்தக் கோட்டைத் தொடவே முடியாது. எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாலும் எழுபதில் ஒன்றுதானே வருகிறது! கோப்பைகளைக் கூட்ட வேண்டும். பன்னிரண்டு கோப்பை வைத்து ஆறைப் பொறுக்கச் சொன்னால் 924 விதங்கள். போதாது. பதினான்கு வைத்து ஏழைப் பொறுக்கச் சொன்னால் 3,432. போதும். 700 பேர் உள்ள பள்ளிக்குப் பதினாறு கோப்பை வைத்தால் 12,870 விதங்கள், ஆனால் தேவையோ 14,000. மயிரிழையில் தவறிவிடுகிறது. பதினெட்டுக்குப் போனால் 48,620. பாருங்கள், ஆட்கள் பத்து மடங்கு ஆனபோதும் கூடுதலாகத் தேவைப்பட்டவை நான்கு கோப்பைகள்தான். பலரைச் சோதிப்பதே தவறு என்று இல்லை. அதற்கேற்ற வலுவான சான்று வேண்டும், அது பல சமயம் எட்டாத தூரத்தில் இருப்பதும் இல்லை.

இந்தத் துறைக்கு 1953 ஒரு முக்கியமான ஆண்டு. அமெரிக்காவில் ஜான் டூக்கி பல ஒப்பீடுகளைப் பற்றி நீண்ட ஆய்வுரை எழுதினார். அதே ஆண்டில், கல்கத்தாவில் பாடம் நடத்திவிட்டு அமெரிக்காவின் வட கரோலினாவுக்குச் சென்றிருந்த சமரேந்திரநாத் ராய், ராஜ் சந்திர போஸ் இருவரும் பல அளவுகளை ஒரே நேரத்தில் மதிப்பிடும் முறை பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். கணிதத்தில் விருப்பம் உள்ளவர்கள் போஸ் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்லர் என்ற மாபெரும் கணித மேதை 18ஆம் நூற்றாண்டில் சொன்ன ஓர் ஊகம் தவறு என்று 1959இல் நிறுவிய மூவரில் அவரும் ஒருவர்.

இவ்வளவு பேர் எச்சரித்த பிறகும் பலர் கேட்கவில்லை. அவர்களைக் கேட்க வைத்தது ஒரு செத்த மீன். மூளையைப் படம் எடுக்கும் கருவி, மூளையை ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டம் ‘வேலை செய்கிறது’ என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கும். அமெரிக்காவில் கிரெய்க் பென்னட் குழுவினர் செத்த சால்மன் மீன் ஒன்றைக் கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, இவர்கள் என்ன உணர்ச்சியில் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். 8,064 கட்டங்களில் 16 கட்டங்கள் மீன் யோசிப்பதாகக் காட்டின! கோடு ஆயிரத்தில் ஒன்று என்று கடுமையாக இருந்தும் இப்படி. எண்ணிக்கைக்கு ஏற்பத் திருத்தியதும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 2009இல் வெளியான இந்த ஆய்வுக்கு, சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2012இல் கிடைத்தது.

அப்படியானால் கோட்டை இறக்கிக்கொண்டே போவதுதான் வழியா? அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை உங்களுக்குப் பழக்கமான பச்சைப் பயறு சோதனையில் பார்ப்போம்.

பத்துக் கிண்ணங்களில் பயறு போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருளைக் கொடுக்கிறீர்கள். அரிசி கழுவிய தண்ணீர், இளநீர், தேயிலைச் சக்கை, முட்டை ஓட்டுத் தூள், இப்படிப் பத்து. வெறும் தண்ணீர் ஊற்றிய பயற்றைவிட உயரமாக வளர்ந்ததா என்று ஒவ்வொன்றையும் சோதிக்கிறீர்கள். ‘தற்செயலாக இப்படி வர வாய்ப்பு’ ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரத்தில் எத்தனை என்று எழுதி, சிறியதிலிருந்து வரிசைப்படுத்தினால் 10, 52, 160, 180, 240 என்று வருகிறது. மீதி ஐந்தும் ஆயிரத்துக்கு மேல். (இவை விளக்கத்துக்காக நான் வைத்த எண்கள்.)

தனித்தனியாகப் பார்த்தால் கோடு 500. அதாவது இருபதில் ஒன்று. ஐந்தும் தேறும். போன்ஃபெரோனிப்படி 500ஐப் பத்தால் வகுத்தால் கோடு 50. முதல் பொருள் மட்டும் தேறும். இரண்டாவது 52, இரண்டே புள்ளியில் போய்விட்டது. இப்படித் தேறாமல் போன நான்கில் உண்மையிலேயே பயிரை வளர்க்கும் பொருள் இருந்திருந்தால்? பொய் மணிக்குப் பயந்து மணியையே கழற்றி வைத்தால் உண்மையான மணியும் ஒலிக்காது. இதுவும் தவறுதான், இதற்கும் விலை உண்டு.

1979இல் சுவீடனைச் சேர்ந்த ஸ்டூர ஹோல்ம் ஓர் எளிய திருத்தம் சொன்னார். முதல் பொருள் 50 என்ற கோட்டுக்குள் அடங்கித் தேறிவிட்டதா? அப்படியானால் மிச்சம் ஒன்பது கேள்விதானே. அடுத்ததற்கு 500ஐ ஒன்பதால் வகுங்கள். கோடு 55. நம் 52 தேறிவிட்டது! அடுத்ததற்கு எட்டால் வகுத்தால் 62. 160 தேறவில்லை, நிறுத்திவிடலாம். உறுதி கொஞ்சமும் குறையாமல் இன்னொரு பொருள் கிடைத்தது. போன்ஃபெரோனி முறையால் தேறும் எதையும் ஹோல்ம் முறை விட்டுவிடாது. இவ்வளவு எளிய யோசனை 1979 வரை காத்திருந்தது எனக்கு வியப்பு.

பெரிய மாற்றம் 1995இல் வந்தது. இஸ்ரேலின் டெல் அவீவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோவ் பென்ஜமினி, யோசெஃப் ஹோக்பெர்க் இருவரும் கேள்வியையே மாற்றினார்கள். ‘ஒரு பொய்கூட வரக்கூடாது’ என்பதற்குப் பதில், ‘நாம் கண்டுபிடித்ததாக அறிவிக்கும் பட்டியலில் பொய்யின் பங்கு சராசரியாக நூற்றுக்கு ஐந்தைத் தாண்டக்கூடாது’ என்றார்கள். முதல் இடத்துக்குக் கோடு 50, இரண்டாம் இடத்துக்கு 100, மூன்றாவதற்கு 150, நான்காவதற்கு 200, ஐந்தாவதற்கு 250. இப்படியே பத்தாவதற்கு 500. பட்டியலின் கடைசியிலிருந்து மேலே ஏறி வாருங்கள். தன் கோட்டுக்குள் அடங்கும் முதல் எண்ணைக் கண்டதும் நில்லுங்கள். ஐந்தாம் இடத்தில் 240, கோடு 250. அடங்கிவிட்டது! அதற்கு மேலே உள்ள எல்லாமும் பட்டியலில் சேர்ந்துவிடும். மூன்றாவதான 160 தன் கோட்டை மீறி நின்றாலும் அதுவும் உள்ளே வரும். ஐந்து பொருளும் தேறின.

எந்த முறை சரி? ஒரு மருந்தை நாடு முழுவதும் கொடுக்கலாமா என்று முடிவு செய்யும்போது ஒரு பொய்கூட ஆபத்து. அங்கே போன்ஃபெரோனி, ஹோல்ம் முறைகள் வேண்டும். ஆயிரக்கணக்கான இடங்களில் தேடி, அடுத்த ஆய்வுக்கு நல்ல பட்டியல் ஒன்று தயாரிக்க வேண்டுமானால் பென்ஜமினி–ஹோக்பெர்க் முறை பொருத்தம். பட்டியலில் சில பொய்கள் இருக்கும் என்று தெரிந்தே அதை எடுத்துக்கொண்டு மேலே போகலாம்.

ஆயிரக்கணக்கான இடங்களில் தேடுவதா, அப்படி எதைத் தேடுவார்கள் என்று கேட்கிறீர்களா? மூவாரிலிருந்து பாகோ பக்கம் போகும்போது சாலையின் இருபுறமும் பாருங்கள். செம்பனை. நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனைத் தோட்டங்களாகிவிட்டன. குலைகளை ஏற்றிக்கொண்டு லோரிகள் போவதை நீங்கள் தினமும் பார்த்திருப்பீர்கள்.

நன்றாகக் காய்க்கும் செம்பனையின் சிறு திசுவை எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்து, அதே குணமுள்ள கன்றுகளை உருவாக்கலாம். இதற்குத் திசு வளர்ப்பு என்று பெயர். அதில் ஒரு பெரிய ஏமாற்றம் காத்திருந்தது. அப்படி வளர்த்த மரங்களில் சில, பூக்கும் வயது வந்ததும் விசித்திரமாக மாறின. பழத்தைச் சுற்றிக் கூடுதல் சதை மடல்கள், போர்வை போர்த்தியதுபோல. எண்ணெய் வெகுவாகக் குறைந்துவிடும். மோசமான மரங்களில் பழமே நிற்காது. கொடுமை என்னவென்றால், கன்றாக இருக்கும்போது நல்ல மரத்துக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. நட்டு, உரம் போட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பிறகுதான் தெரியும். 1980களிலிருந்து இந்தப் புதிர் தோட்டத்துறையை வாட்டியது.

தாய்மரத்தின் மரபணு எழுத்துகளே கன்றிலும் இருக்கின்றன. பின் எங்கே கோளாறு? மரபணுவின் மேல் ‘மெத்தில்’ என்ற சிறு வேதி முத்திரைகள் ஒட்டியிருக்கும். எந்த மரபணு பேச வேண்டும், எது அடங்க வேண்டும் என்று அவை கட்டுப்படுத்தும். திசு வளர்ப்பில் ஏதோ ஓர் இடத்தில் முத்திரை உதிர்ந்துவிடுகிறதோ என்று சந்தேகம். ஆனால் எந்த இடத்தில்? மலேசியச் செம்பனை வாரியத்தின் ஆய்வாளர்கள் 2013இல் செம்பனையின் மரபணுத் தொகுதியை வெளியிட்டிருந்தார்கள். அதன் நீளம் ஏறத்தாழ 180 கோடி எழுத்துகள்!

நல்ல மரங்களையும் கெட்ட மரங்களையும் வைத்துக்கொண்டு இடம் இடமாக ஒப்பிட வேண்டும். இப்போது நம் கணக்கைப் போடுங்கள். ஒரு லட்சம் இடங்களில் மட்டும் தேடினாலே, இருபதில் ஒன்று என்ற கோட்டின்படி ஐயாயிரம் பொய் மணிகள் அடிக்கும். ஐயாயிரத்தில் உண்மையான ஒன்றை எப்படிப் பொறுக்குவது? அதனால்தான் இத்தகைய தேடல்களில் கோடு மிகமிகக் கீழே இருக்கும். மனித மரபணுவில் நோய்க்கான இடங்களைத் தேடுகிறவர்கள், ஏறத்தாழப் பத்து லட்சம் கேள்விகள் கேட்பதாக வைத்துக்கொண்டு, இரண்டு கோடியில் ஒன்று என்ற கோட்டைப் பயன்படுத்துகிறார்கள். இருபதில் ஒன்றைப் பத்து லட்சத்தால் வகுத்தால் அதுதான் வரும். போன்ஃபெரோனியின் அதே வகுத்தல்.

2015இல் விடை வந்தது. மெய்லினா ஓங் அப்துல்லா, ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி ஆகியோரும் அமெரிக்காவின் ராபர்ட் மார்ட்டியன்சனும் உள்ளிட்ட குழுவினர், மரபணுத் தொகுதி முழுவதையும் துழாவி, ஒரே ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டினார்கள். பூவின் உறுப்புகளைத் தீர்மானிக்கும் ஒரு மரபணுவுக்குள் உட்கார்ந்திருக்கும், இடம்விட்டு இடம் தாவும் இயல்புள்ள ஒரு துண்டு அது. அதன் பெயர் என்ன தெரியுமா? கர்மா! நெல்லில் இதே வகைத் துண்டுக்கு முன்பே வைத்திருந்த பெயர். கர்மாவின்மேல் மெத்தில் முத்திரை இருந்தால் அது அடங்கிக் கிடக்கும், மரம் நன்றாகக் காய்க்கும். முத்திரை உதிர்ந்தால் பூ மரபணுவின் செய்தி பாதியில் அறுந்து, பழம் போர்வை போர்த்திக்கொள்ளும்.

மணி ஒருமுறை அடித்ததோடு அவர்கள் நிற்கவில்லை. வேறு மரங்களிலும் அந்த இடத்தைத் தனியாகச் சோதித்தார்கள். அங்கும் கர்மாவே காரணமாக நின்றது. இனிக் கன்றின் ஓர் இலைத்துண்டைப் பார்த்தே அதன் எதிர்காலத்தைச் சொல்ல வழி பிறந்தது. ஆண்டுக்கணக்கில் காத்திருந்து ஏமாற வேண்டியதில்லை. நாம் தினமும் கடந்துபோகும் மரத்துக்குள், இப்படி ஒரு தேடல் நம் நாட்டு ஆய்வாளர்களால் நடந்திருக்கிறது என்பது எனக்குப் பெருமை.

மருத்துவ ஆய்வாளர்கள் இன்னொரு பழக்கத்தையும் கொண்டுவந்திருக்கிறார்கள். மருந்தை மனிதர்களிடம் சோதிக்கும் முன்பே, எந்தக் கேள்வியைக் கேட்கப் போகிறோம் என்று பொதுப் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். இந்தியாவில் அத்தகைய பதிவேடு 2007இல் தொடங்கி, 2009இல் கட்டாயமானது. ஆய்வு முடிந்தபின் நூறு விதமாக நறுக்கிப் பார்த்து, பலித்த ஒன்றை மட்டும் ‘இதைத்தான் தேடினோம்’ என்று சொல்ல முடியாது.

உங்கள் பள்ளி அறிவியல் விழாவுக்கும் இதைச் செய்யலாம். பயறு ஊறப்போடும் முன்பே, சோதிக்கப் போகும் பத்துப் பொருளையும் குறிப்பேட்டில் எழுதி, தேதி போட்டு, ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். விழா அன்று வளர்ந்த கிண்ணத்தை மட்டும் மேசையில் வைக்காமல் பத்துக் கிண்ணங்களையும் வையுங்கள். இளநீர்க் கிண்ணம் முந்தியிருந்தால், அடுத்த மாதம் புதிய பயறு வாங்கி, இளநீரையும் வெறும் தண்ணீரையும் மட்டும் மறுபடி சோதியுங்கள். இம்முறை கேள்வி ஒன்றே ஒன்று. எதாலும் வகுக்க வேண்டாம், இருபதில் ஒன்று என்ற பழைய கோடே போதும்.